கல்லீரல் அழற்சி மாத்திரைகள் எங்கள் ஊர் வரை வரட்டும்: சுகாதாரத் துறைக்கு ஒரு மருந்தாளுநரின் திறந்த மடல்

ஒன்றிய சுகாதார, குடும்ப நல அமைச்சகத்தில் தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும், தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கும்,

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்திவரும் மருந்தாளுநர். பல மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகலில், இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் நான்காக மடித்த தாளோடு கடைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்கள் போகும் வரை ஓரமாகவே நின்றார். வளைகுடா நாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்திருந்தார். தாளில் ‘அன்ஃபிட்’ என்றும் ஹெபடைடிஸ் பி, அதாவது பி வகை வைரஸ் கல்லீரல் அழற்சி, என்றும் இருந்தது. முகவரிடம் கட்டிய பணத்துக்கு வாங்கிய கடன் வீட்டில் இருக்க, விமானம் ஏற வேண்டியவர் பேருந்தில் ஊர் திரும்பியிருந்தார். அவருக்கு என்ன நோய், அது எப்படி வந்திருக்கும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. “அண்ணே, இதுக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொன்னேன். அது இந்தியாவிலேயே தயாராகிறது என்றும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள் என்றும் சொன்னேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த மாத்திரை அவர் கைக்கு வந்து சேர ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களைப் பற்றி உங்களிடம் பேசவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் அவர் போன இடத்தில் கல்லீரல் மருத்துவர் வாரத்தில் ஒரு நாள்தான் இருப்பார் என்றார்கள். அந்த நாளில் போனபோது, வைரஸ் அளவுப் பரிசோதனைக்கான ரத்தத்தை வேறொரு நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், இப்போது அதற்கான கிட் இல்லை என்றும் சொன்னார்கள். தனியார் ஆய்வகத்தில் அதே பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். கடனில் இருந்தவரால் அதைக் கட்ட முடியவில்லை. மீண்டும் காத்திருந்து ரத்தம் கொடுத்து, முடிவு வந்து, வைரஸ் மிக அதிகமாக இருக்கிறது, கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது, உடனே மாத்திரையைத் தொடங்குங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது ஏழாவது மாதம் பிறந்திருந்தது. இரண்டு மாதம் மாத்திரை கிடைத்தது. மூன்றாவது மாதம் இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறை போய்வரவும் அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அங்கே பணியாற்றுவோர் இயன்றதைச் செய்தார்கள் என்றே நம்புகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதாததும் அதனால்தான். குறை தனிமனிதர்களுடையது அன்று, வழி அமைக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

அந்த இளைஞருக்கு எழுதப்பட்ட மாத்திரையின் பெயர் டெனோஃபோவிர். எச்.ஐ.வி. சிகிச்சையிலும் இதே மருந்துதான் பயன்படுகிறது. இதன் காப்புரிமைக்கு கிலியட் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்தபோது, 2006இல் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் கூட்டமைப்புகள் எதிர்ப்பு மனு கொடுத்தன. 2009இல் நம் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அதன்பின் இந்திய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு தயாரித்ததால், இன்று உலகச் சந்தையில் அரசுகள் மொத்தமாக வாங்கும்போது ஒரு நோயாளிக்கு ஒரு மாதத்துக்கான டெனோஃபோவிர் ஏறத்தாழ 2.40 டாலருக்குக் கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நம் பணத்தில் இருநூறு ரூபாய் அளவுதான். நோயாளிகளே மனு எழுதி, நோயாளிகளே வழக்கை நடத்திப் பெற்ற விலை இது. என் கடை அலமாரியில் டெனோஃபோவிர் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாத அந்த மனிதர்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஹெபடைடிஸ் சி மருந்தின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்த நோய்க்கு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசியும் தினமும் ரிபாவிரின் மாத்திரையும் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ எடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சலும் உடல்வலியும் மனச்சோர்வும் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் பலர். முழுதாக முடித்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே குணம் கிடைத்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் கிலியட்டின் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அனுமதி பெற்றபோது எல்லாம் மாறியது. மற்றொரு மருந்தோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் மாத்திரை விழுங்கினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம் என்ற நிலை வந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்கு அங்கே வைக்கப்பட்ட விலை 84,000 டாலர், அன்றைய மதிப்பில் ஐம்பது லட்சம் ரூபாய்க்கும் மேல். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். இதே மருந்தைப் பன்னிரண்டு வாரத்துக்கு 68 முதல் 136 டாலர் வரையிலான செலவில் தயாரித்துவிடலாம் என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹில்லும் அவருடைய குழுவினரும் 2014இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் கிலியட், ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, 91 நாடுகளுக்கு ஜெனரிக் மருந்தை, அதாவது அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பதை, விற்க அனுமதித்தது. பிரேசில், சீனா, துருக்கி, மெக்சிகோ போன்ற நாடுகள் அந்தப் பட்டியலில் இல்லை. ‘நடுத்தர வருமானம்’ என்ற முத்திரையின் கீழ் அங்குள்ள ஏழை நோயாளிகளும் விலக்கப்பட்டார்கள். மலேசிய அரசு காப்புரிமையாளரின் அனுமதி இன்றியே தானே மருந்தை இறக்குமதி செய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமத்துக்கு ஆயத்தமான 2017ஆம் ஆண்டில்தான், மலேசியாவும் தாய்லாந்தும் உக்ரைனும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் சோஃபோஸ்புவிருக்கான முக்கியக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று 2015 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டு, 2016 மே மாதத்தில் ஏற்கப்பட்டது. இந்த இழுபறிக்கு நடுவிலும் விலை விழுந்துகொண்டே இருந்தது. இன்று சோஃபோஸ்புவிரும் அதனோடு சேர்த்துத் தரப்படும் டக்ளட்டாஸ்விர் என்ற மருந்தும் சேர்ந்த பன்னிரண்டு வார மருந்து, அரசுகள் வாங்கும் விலையில் 60 டாலருக்குக் கிடைக்கிறது. எண்பத்து நான்காயிரம் எங்கே, அறுபது எங்கே!

2015இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த நோயாளி ஒருவர், தன் நாட்டில் விலை எட்டாததால் விமானம் ஏறிச் சென்னைக்கே வந்து இந்த மாத்திரைகளை வாங்கிச் சென்றார். அவரைப் பார்த்து உலகெங்கும் பலர் இந்திய மருந்தை வரவழைக்கத் தொடங்கினார்கள். சென்னைக்கு அத்தனை தொலைவிலிருந்து ஒருவர் வந்து மருந்து பெற்றது நமக்குப் பெருமைதான். அதே சென்னையிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரருக்கு, அரசு இலவசமாகத் தரும் மருந்து ஏழு மாதம் கழித்து வந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத வேதனை.

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2018ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று, உலகக் கல்லீரல் அழற்சி நாளில், இந்தத் தேசியத் திட்டத்தைத் தொடங்கி, பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்று அறிவித்தீர்கள். ஒரு வளரும் நாடு இப்படி அறிவித்தது சிறிய செயலன்று. ஆனால் அறிவிப்புக்கும் நோயாளியின் கைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது கடைக் கவுன்ட்டரில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிகிறது. அந்தத் தூரத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இரண்டு இடங்கள் சான்றாக இருக்கின்றன.

ஒன்று பஞ்சாப். தேசியத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2016 ஜூனில், அம்மாநில அரசு ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இலவச ஜெனரிக் மருந்து கொடுக்கத் தொடங்கியது. பெரிய நகரத்துக் கல்லீரல் நிபுணர்களுக்காகக் காத்திருக்காமல், மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குச் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் வழிகாட்டலில் பயிற்சி அளித்து, அவர்கள் கையிலேயே சிகிச்சையை ஒப்படைத்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் மருந்து பெற்றார்கள். முழுச் சிகிச்சையை முடித்து மறுபரிசோதனைக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமானார்கள். நிபுணர் இல்லாத ஊரிலும் இந்த மருந்து வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மற்றொன்று எகிப்து. அந்த நாட்டின் துயரம் மருத்துவத்தாலேயே வந்தது. நைல் ஆற்றங்கரை விவசாயிகளைப் பீடித்த, நீர் நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி நோயான நத்தைக் காய்ச்சலுக்காக 1950களிலிருந்து பல ஆண்டுகள் ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரியாகக் கொதிக்க வைக்காத அதே கண்ணாடி ஊசிகள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஹெபடைடிஸ் சி வைரஸைக் கொண்டு சென்றன. உலகிலேயே இந்நோய் மிகுந்த நாடாக எகிப்து ஆனது. 2014இல் அந்த அரசு, அமெரிக்க விலையில் நூற்றில் ஒரு பங்குக்கு சோஃபோஸ்புவிரைப் பேசி வாங்கியது. பின்னர் உள்நாட்டு நிறுவனங்களே தயாரிக்க, விலை இன்னும் இறங்கியது. ஆனால் எகிப்து மருந்தோடு நிற்கவில்லை. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழே மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரின் விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நோய் இருந்தவர்களை அங்கிருந்தே சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஒருவரைக் கண்டுபிடித்துக் குணமாக்க ஆன மொத்தச் செலவு சுமார் 130 டாலர். 2023இல் உலக சுகாதார நிறுவனம் எகிப்தை ஹெபடைடிஸ் சி ஒழிப்பில் முன்னணி நாடாக அறிவித்தது. எங்கள் ஊர் இளைஞர் ஒரு மாத்திரைக்காகக் காத்திருந்த அதே ஏழு மாத காலத்தில் ஒரு நாடே சோதிக்கப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் சி வைரஸைவிடப் பி வைரஸ்தான் பெரிய சுமை. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பியும் சுமார் 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சியும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்த ஓராண்டில் உலகம் முழுதும் இந்த இரு வைரஸ்களாலும் இறந்தவர்கள் 13 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பி வைரஸால் இறந்தவர்கள். ஆனால் உலகில் பி வைரஸ் உள்ளவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குத்தான் தங்களுக்கு நோய் இருப்பது தெரியும். சிகிச்சை பெறுவோர் நூற்றுக்கு மூவர். மாதம் இருநூறு ரூபாய் மருந்து கையில் இருந்தும் நூற்றுக்கு மூவர்!

சி வைரஸைப் பன்னிரண்டு வாரத்தில் ஒழித்துவிடலாம். பி வைரஸை அடக்கி வைக்கத்தான் முடியும். ரத்த அழுத்த மாத்திரை போல நாள்தோறும், பெரும்பாலோர் பல ஆண்டுகளுக்கு, எடுத்துவர வேண்டும். மருத்துவர் சொல்லாமல் நடுவில் நிறுத்தினால் வைரஸ் மீண்டும் சீறி எழுந்து கல்லீரலைத் தாக்கக்கூடும். ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற சொல் ஒரு காய்ச்சல் நோயாளிக்கு வெறும் தாமதமாக இருக்கலாம். பி வைரஸ் நோயாளிக்கு அது ஆபத்து. அந்த இளைஞர் மூன்றாவது மாதம் என் கடையில் வந்து நின்றபோது, மருந்து கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் விலை எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்தே அவரிடம் பணம் வாங்கினேன். அரசு மொத்தமாக வாங்கும் விலைக்கும் தனியார் கடை அட்டையில் அச்சிட்ட விலைக்கும் பல மடங்கு வேறுபாடு இருக்கிறது. என் லாபத்தை விட்டுக்கொடுத்தும் அது அவருக்குச் சுமையாகவே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கல்லீரல் என்றதும் மஞ்சள் காமாலை, மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி. அந்த இளைஞரும் இடையில் ஒரு மாதம் அதைத்தான் அரைத்துக் குடித்தார். கீழாநெல்லியைப் பழிப்பது என் நோக்கமன்று. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அதைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியது உலகக் கவனத்தைப் பெற்றது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்த விளைவு உறுதிப்படவில்லை. அசுத்த நீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுவதால், குடித்த கஷாயத்துக்குப் பெயர் கிடைக்கிறது. நாட்பட்ட பி வைரஸோ கண்ணில் மஞ்சள் காட்டாமல் இருபது முப்பது ஆண்டுகள் உள்ளேயே இருந்து, வயிற்றில் நீர் கோத்தபோதோ ரத்த வாந்தி எடுத்தபோதோதான் தன்னைக் காட்டும். மக்கள் கீழாநெல்லியை நாடுவதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேலிப்பக்கத்தில் கிடைக்கிறது; உங்கள் மாத்திரை கிடைப்பதில்லை.

நான் கேட்பவை புதிதாகப் பெருஞ்செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. ரத்த வங்கிகளில் ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் பி, சி வைரஸ் பரிசோதனை கட்டாயம். கர்ப்பிணிகளுக்குப் பி வைரஸ் பரிசோதனை செய்யப்படுகிறது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவ மையங்களிலும் சோதிக்கிறார்கள். ஆக, நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே நம் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், பட்டதும் நழுவவிடுகிறோம். இந்த மூன்று இடங்களிலும் முடிவு சொல்லும்போதே, அருகிலுள்ள சிகிச்சை மையத்தின் பெயரும் நாளும் எழுதிய பரிந்துரைச் சீட்டைக் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். ‘அன்ஃபிட்’ என்ற சொல்லோடு ஒரு மனிதரைத் தெருவில் விடுவதைச் சட்டப்படி நிறுத்துங்கள்.

பரிசோதனைச் சிக்கலுக்கும் வழி பிறந்திருக்கிறது. 2024 மார்ச்சில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வழிகாட்டுதல், பி வைரஸ் சிகிச்சைக்கான தகுதியை விரிவாக்கியிருக்கிறது. வைரஸ் அளவுப் பரிசோதனை கிடைக்காத இடத்தில், கல்லீரல் நொதியின் அளவு தொடர்ந்து உயர்ந்திருந்தாலோ, நொதியையும் தட்டணுக்களையும் வைத்துப் போடும் எளிய கணக்கு கல்லீரல் தழும்பேறியதைக் காட்டினாலோ மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. இந்தப் பரிசோதனைகளை வட்ட அளவிலான அரசு மருத்துவமனையிலேயே செய்துவிடலாம். எங்கள் ஊர் இளைஞருக்கு இந்த முறையில் முதல் மாதத்திலேயே மாத்திரை கிடைத்திருக்கும். தேசிய வழிகாட்டுதலை இதற்கேற்பத் திருத்தி, பஞ்சாபில் செய்தது போல வட்ட மருத்துவமனை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருந்து எழுதும் அதிகாரத்தை அவர்களிடம் தாருங்கள்.

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினரிடம் தனியாக ஒரு விண்ணப்பம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கி, மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே பகிரும் முறையைப் பிற மாநிலங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்த மாநிலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. எங்கள் தெருவில் எண்பது வயதுப் பாட்டி அந்தப் பணியாளரைப் பெயர் சொல்லி அழைத்துத் திண்ணையில் உட்கார வைக்கிறார். நாள்தோறும் எடுக்க வேண்டிய டெனோஃபோவிருக்கும் அந்தப் பையில் ஓர் இடம் கொடுங்கள். நோயைப் பிறர் அறிவதை விரும்பாதவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே முறையில் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போட வேண்டிய பி தடுப்பூசி எந்தப் பிரசவத்திலும், தனியார் மருத்துவமனையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், தவறக்கூடாது என்பதையும், வைரஸ் மிகுந்த கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலத்துக்கு முன்பே டெனோஃபோவிர் கிடைக்க வேண்டும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். தாயிடமிருந்து சேய்க்குப் போகும் வழியை அடைத்தால் அடுத்த தலைமுறையில் இந்த மடலுக்கே தேவை இருக்காது.

ஒன்றிய அரசிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மருந்துகள் மலிவானது தற்செயலாக அன்று. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவும், காப்புரிமை வழங்குமுன் யாரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம் என்ற உரிமையும் அதற்குத் துணைநின்றன. காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் வேறொரு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதியான கட்டாய உரிமத்தின் வலிமையையும் நாம் பார்த்திருக்கிறோம். பி, சி வைரஸ்கள் கடைசியில் கொண்டுபோய்விடும் கல்லீரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மருந்து, 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வழங்கப்பட்டதும், மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாயிலிருந்து 8,800 ரூபாய்க்கு இறங்கியது. இப்போதோ 2024 மார்ச்சில் வந்த காப்புரிமை விதித் திருத்தங்கள், எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்து, மனு ஏற்கத்தக்கதா என்பதை முதலிலேயே அதிகாரி முடிவு செய்யும்படி ஆக்கியிருக்கின்றன. டெனோஃபோவிரை நமக்குப் பெற்றுத் தந்தவர்கள் பெருநிறுவனத்தார் அல்லர், நோயாளிகள். அடுத்த முறை அவர்கள் வரும்போது கதவு குறுகியிருந்தால், இழப்பு இந்தியாவோடு நிற்காது. இந்திய ஜெனரிக் மருந்தை நம்பியிருக்கும் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கும் அது பரவும். அந்தத் திருத்தங்களை மறுபரிசீலனை செய்ய வர்த்தக அமைச்சகத்திடம் வலியுறுத்துவது சுகாதார அமைச்சகத்தின் கடமை என்றே கருதுகிறேன். வர்த்தக ஒப்பந்தப் பேச்சுகளில் மருந்துச் சோதனைத் தரவுகளைப் பிற நிறுவனங்கள் பயன்படுத்த முடியாதபடி தனி உரிமை கேட்கப்படும்போது, இதுவரை மறுத்தது போலவே இனியும் மறுத்து நில்லுங்கள்.

அந்த இளைஞர் இப்போது உள்ளூரிலேயே வேலை பார்க்கிறார்; மாத்திரையை விடாமல் எடுத்துவருகிறார். அவருடைய அம்மாவுக்கும் தம்பிக்கும் பரிசோதனை செய்யச் சொன்னேன். தம்பிக்கும் இருக்கிறது. அவரை எங்கே, எந்தக் கிழமை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள மூன்று பேருக்குத் தொலைபேசியில் பேசினேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தில் பரிசோதனை எங்கே நடக்கிறது, எந்த நாளில் மருத்துவர் இருப்பார், எங்கே மாத்திரை கொடுக்கிறார்கள் என்ற ஒரு பக்கப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, ஊரில் உள்ள எல்லா மருந்துக் கடைகளுக்கும் அனுப்புங்கள். என் கடையின் முன்பக்கக் கண்ணாடியில் அதை ஒட்டுவதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிற்றூர் மருந்தாளுநர்